கார் கேக் ஏன் சரிகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் கார் வடிவப் பிறந்தநாள் கேக்கை வீட்டிலேயே செய்வது பற்றி அரைப் பக்கம் வந்திருந்தது. படம் அருமை, செய்முறைதான் உதைக்கிறது. கேக் முழுவதும் விப்பிங் கிரீம் தடவி அதன் மேல் ஃபாண்டன்டை (தேய்த்து விரிக்கும் சர்க்கரை மாவு) போர்த்தச் சொல்லிப் போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது. அதை நம்பி நம் ஊர் வெக்கையில் இறங்கினால், காலையில் காராக இருந்தது விருந்தாளிகள் வருவதற்குள் ஆமையாகிவிடும்.

ஃபாண்டன்டில் பத்துக்கு எட்டுப் பங்கு சர்க்கரை. சர்க்கரை பக்கத்தில் இருக்கும் தண்ணீரை இழுக்கும். விப்பிங் கிரீமிலோ தண்ணீருக்குப் பஞ்சமில்லை. சில மணி நேரத்தில் ஃபாண்டன்டின் அடிப்பக்கம் பாகாகி வழுக்கத் தொடங்கும். மேலே இழுத்துப் போர்த்திய துணி நழுவுவதுபோல மொத்தமும் கீழே இறங்கி, அடியில் மடிப்பு மடிப்பாகச் சேரும். நறுக்கிய அன்னாசி, கஸ்டர்டு என்று எதை உள்ளே வைத்தாலும் இதே கதைதான். கடையில் கிரீம் கேக் மேல் ஃபாண்டன்ட் பொம்மை நிற்கிறதே என்று கேட்கலாம். அது கேக்கைக் கொடுக்கும் நேரத்தில் வைப்பது. பெரும்பாலும் அடியில் ஒரு சாக்லேட் வில்லையோ சின்ன அட்டையோ இருக்கும். முழுக் கேக்கையும் போர்த்துவது வேறு வேலை.

கார், ஆமை என்று வடிவம் கொடுக்கும் தீம் கேக் பழக வருகிறவர்கள் எல்லோரும் பொம்மையில்தான் கை வைக்கிறார்கள். உங்கள் கட்டுரையும் அப்படித்தான். பழக வேண்டிய வரிசை அதற்கு நேர் எதிர்: செதுக்கினால் உதிராத கேக், அதன் மேல் கனாஷ் (சாக்லேட்டும் கிரீமும் கலந்த பூச்சு), பிறகு ஃபாண்டன்ட். பொம்மை கடைசி.

செதுக்குவதற்கு ஸ்பாஞ்ச் கேக் ஆகாது, கனமான வெண்ணெய் கேக் வேண்டும். 3 அங்குல ஆழமுள்ள 8 அங்குல வட்டத் தட்டுக்கு: உப்பில்லாத வெண்ணெய் 250 கிராம், பொடித்த சர்க்கரை 250 கிராம், முட்டை 5 (ஓடு நீக்கி 250 கிராம் வர வேண்டும்), மைதா 300 கிராம், பேக்கிங் பவுடர் 6 கிராம், பால் 2 மேசைக்கரண்டி, கொஞ்சம் வெனிலா. சம அளவு போடும் வழக்கமான கேக்கைவிட இதில் மைதா கூடுதல். கத்திக்கு ஈடுகொடுப்பது அந்த 50 கிராம்தான். முட்டையைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினால் வெண்ணெய் இறுகிக் கலவை திரிந்து போகும். ஒரு கரண்டி மைதாவைப் போட்டு அடித்தால் சேர்ந்துகொள்ளும். 160 டிகிரி செல்சியஸில் 60 முதல் 70 நிமிடம். சின்ன ஓடிஜி மின் அடுப்பில் மேல் கம்பி தட்டுக்கு மிக அருகில் இருப்பதால் கேக் கோபுரமாக எழும்பி வெடிக்கும். கீழ்க் கம்பியை மட்டும் போட்டுத் தட்டை ஒரு படி இறக்கி வைத்தால் போதும். வெந்த அன்றே கத்தி வைக்கக் கூடாது. ஆறியதும் பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஓர் இரவு குளிர்பெட்டியில் வைத்தால், மறுநாள் சோப்புக் கட்டியைச் சீவுவதுபோல வரும்.

முட்டை சேர்க்காதவர்கள் செய்யும் மில்க்மெய்ட் கேக்கைப் போர்த்தலாம், செதுக்குவது சிரமம். அதற்கு வடிவத்தைப் பாத்திரத்திலேயே வாங்கிவிட வேண்டும். அரைவட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் வேகவைத்துக் கவிழ்த்தால் பந்து, ஆமை, பொன்வண்டு எல்லாம் கத்தியே படாமல் கிடைக்கும். முதல் தீம் கேக்குக்கு இதுதான் நல்ல தேர்வு என்பேன். கார் இரண்டாவதாக இருக்கட்டும்.

காருக்கு 10க்கு 6 அங்குலச் செவ்வகத் தட்டில் இரண்டு கேக் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மேலே சொன்ன அளவு சரியாக இருக்கும். முதலில் காரைப் பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து பார்ப்பதுபோல ஒன்று என நிஜ அளவில் தாளில் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். இந்தக் காகிதம் இல்லாமல் கத்தியை எடுத்தால் ஒரு பக்கம் அதிகம் சீவி, அதைச் சரிக்கட்ட மறுபக்கம் சீவி, லாரி அளவில் தொடங்கியது ஆட்டோவில் முடியும். இரண்டு கேக்கின் தலையையும் மட்டமாக வெட்டி 2 அங்குல உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒன்று அடிப்பகுதி. இன்னொன்றில் ஐந்தரை அங்குல நீளம் வெட்டி, நடுவிலிருந்து சற்றுப் பின்தள்ளி மேலே ஒட்டினால் அதுதான் ஆட்கள் உட்காரும் பகுதி. முன்கண்ணாடிக்கு நல்ல சரிவு, பின்கண்ணாடிக்குக் கொஞ்சம் குறைவு. சக்கரம் வரும் நான்கு இடத்தையும் வட்ட கட்டரால் அரை அங்குலம் குடைந்துவிடுங்கள்.

பலரும் விடுவது ஒன்று உண்டு. கேக்கை நேராகப் பலகையில் வைத்தால் அது சக்கரம் ஒட்டிய செங்கல்லாகத்தான் தெரியும். 9க்கு நாலரை அங்குலத்தில், அரை அங்குலத் தடிமனுள்ள தெர்மகோலை வெட்டி, உணவுக்கான ஃபாயில் சுற்றிப் பலகையில் ஒட்டி, அதன் மேல் கேக்கை அதன் அளவுக்கே வெட்டிய அட்டையோடு ஏற்றுங்கள். அடியில் விழும் அந்த அரை அங்குல நிழலில்தான் கார் காராகும். சக்கரங்களை ஃபாண்டன்ட் உருளையிலிருந்து வில்லை போடாமல், ஒன்றே முக்கால் அங்குல வட்டமாகத் தனித்தனியே வெட்டி இரண்டு நாள் முன்பே காயவிட வேண்டும். பச்சையாக ஒட்டினால் சொந்தக் கனத்திலேயே முட்டை வடிவமாகிவிடும்.

இனி கனாஷ். விப்பிங் கிரீமின் இடத்தில் இருக்க வேண்டியது இதுதான். 4 அங்குல உயரமுள்ள 8 அங்குலக் கேக்குக்கு டார்க் காம்பவுண்ட் சாக்லேட் 700 கிராம், பெட்டியில் வரும் 25 சதவீதக் கொழுப்புள்ள ஃபிரெஷ் கிரீம் 350 கிராம். வெள்ளைச் சாக்லேட் என்றால் ஒரு பங்கு கிரீமுக்கு மூன்று பங்கு, சித்திரை வெயிலில் மூன்றரை. கிரீமைக் கொதிக்கவிட்டால் திரியும். ஓரத்தில் குமிழ் கட்டியதும் இறக்கி, பொடியாக நறுக்கிய சாக்லேட்டில் ஊற்றி, இரண்டு நிமிடம் தொடாமல் வைத்துவிட்டு நடுவிலிருந்து கலக்க வேண்டும். மூடி இரவு முழுக்க வெளியிலேயே வைத்தால் மறுநாள் தடவும் பதம் வரும். முதலில் உதிர்ந்த தூளை அடக்க ஒரு மெல்லிய பூச்சு, 20 நிமிடம் குளிர்ச்சி. பிறகு 5 மில்லிமீட்டர் கனத்தில் இரண்டாவது பூச்சு. சுவருக்குப் பட்டி பார்ப்பது போன்ற வேலை இது. ஃபாண்டன்ட் போட்டால் மறைந்துவிடும் என்று விடுகிற ஒவ்வொரு பள்ளமும் ஃபாண்டன்டில் அப்படியே தெரியும்.

உள்ளே கனாஷ் வைத்து அடுக்கிய கேக்கைப் பூசுவதற்கு முன், மேலே ஒரு தட்டும் அரைக் கிலோ கனமும் வைத்து ஆறு மணி நேரம் விடுங்கள். அடுக்குகள் தானாகவே அமரட்டும். அவசரப்பட்டுப் போர்த்தினால் பிறகு அமர்ந்து, இடுப்பில் தொப்பை தள்ளும். அதைச் சரிசெய்ய வழியில்லை. ரிப்பன் கட்டி மறைக்கலாம், அவ்வளவுதான்.

ஃபாண்டன்டை முதல் தடவை கடையில் வாங்கிவிடுவது புத்திசாலித்தனம், நல்ல பதம் எது என்று கைக்குத் தெரியும். பிறகு வீட்டில் செய்யலாம். ஐசிங் சர்க்கரை 500 கிராம், ஜெலட்டின் 8 கிராம், தண்ணீர் 35 மில்லி, லிக்விட் குளுக்கோஸ் 80 கிராம், கிளிசரின் 7 மில்லி, வனஸ்பதி 10 கிராம். ஜெலட்டினைத் தண்ணீரில் 5 நிமிடம் ஊறவைத்து, சுடுநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துத் தெளியும்வரை கரைக்க வேண்டும். கொதித்தால் பிடிமானம் போய்விடும். அதில் குளுக்கோஸ், கிளிசரின், வனஸ்பதியைக் கலந்து, 400 கிராம் சர்க்கரையில் ஊற்றிக் கிளறி, மீதியைத் தூவித் தூவிப் பிசையுங்கள். காதுமடல் பதம் வந்ததும் நிறுத்துங்கள், சர்க்கரை மிஞ்சினால் மிஞ்சட்டும். காற்றுப் புகாமல் சுற்றி 12 மணி நேரம் வெளியிலேயே ஊறட்டும். மிக்ஸியில் அரைத்த சர்க்கரை எவ்வளவு சலித்தாலும் சற்று நறநறக்கும், தேய்க்கும்போது அந்த இடத்தில்தான் கிழியும். சைவம் பார்ப்பவர்கள் ஜெலட்டினுக்குப் பதில் கடல்பாசி போட்டுப் பார்க்கிறார்கள். அது இறுகும், ஆனால் இழுபடாமல் ஒடியும். அவர்களுக்கு ஜெலட்டின் இல்லாத ரெடிமேட் ஃபாண்டன்டே மேல்.

எல்லா ஊருக்கும் எல்லா மாதத்துக்கும் ஒரே அளவு சரிவராது. கிளிசரினும் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் பொருள்தான். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ செய்கிறவர் அதைப் பாதியாக்கி, ஃபாண்டன்டை இறுக வைக்கும் சிஎம்சி பவுடரை அரைத் தேக்கரண்டி சேர்க்க வேண்டும். ஏசி அறையில் நாளெல்லாம் வேலை செய்கிறவருக்கு முழு அளவும் தேவைப்படும். வெளிநாட்டுச் செய்முறையை எழுத்துக்கு எழுத்து பின்பற்றியும் ஃபாண்டன்ட் பிசுபிசுக்கிறது என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் பதில்.

எவ்வளவு அகலம் தேய்ப்பது? விட்டம், இரண்டு பக்க உயரம், கையாள 2 அங்குலம். 8 அங்குலக் கேக்குக்கு 8, 4, 4, 2 கூட்டினால் 18 அங்குலம். தடிமன் 4 மில்லிமீட்டர். இதற்கு ஒரு கிலோ கையில் இருந்தால் நெருக்கடி இராது. மின்விசிறியை அணைத்துவிடுங்கள். காற்றுப்பட்டால் மேல்தோல் காய்ந்து யானைத்தோல்போல வரிவரியாக வெடிக்கும். லேசான வெடிப்பு என்றால் விரலில் வனஸ்பதி தொட்டு வட்டமாகத் தேய்த்தால் மறையும். சோள மாவை அள்ளித் தூவுவதும் இதே வெடிப்பைத்தான் கொண்டுவரும். போர்த்தியதும் முதலில் மேற்பரப்பு, அடுத்து விளிம்பு, பிறகு பக்கம். விளிம்பைச் சீக்கிரம் பிடித்து நிறுத்தாவிட்டால் தொங்கும் கனம் அங்கே கிழிக்கும். பக்கத்தில் மடிப்பு விழுந்தால் கீழே இழுக்காதீர்கள். பாவாடை விரிப்பதுபோல வெளியே விரித்துவிட்டுக் கையால் மேலிருந்து தடவிக்கொண்டு வாருங்கள். காற்றுக் குமிழைச் சுத்தமான ஊசியால் சாய்வாகக் குத்தி அழுத்தினால் ஓட்டை தெரியாது. இதையெல்லாம் 6 அங்குலத் தெர்மகோல் வட்டத்தில் வனஸ்பதி தடவிப் பழகலாம். உரித்துப் பிசைந்து மறுபடி போர்த்த, ஒரே உருண்டை ஒரு மத்தியானத்துக்கு வரும்.

போர்த்திய கேக்கைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தால் வியர்க்கும். வெளியே ஈரக்காற்று, கேக் குளிர்ச்சி, வேறென்ன நடக்கும்? துடைத்தால் சாயம் இழுபட்டுத் தழும்பாகிவிடும். தொடாமல் மின்விசிறிக்கு எதிரே ஒரு மணி நேரம் வைத்தால் தானாகக் காயும். இதற்குத்தான் உள்ளே கிரீமும் பழமும் வேண்டாம் என்பது: கனாஷ் கேக் என்றால் போர்த்திய பிறகு குளிர்பெட்டியே தேவையில்லை, நிழலான அறையில் அட்டைப்பெட்டிக்குள் ஒரு நாள் தாங்கும்.

பொம்மைக்கு 250 கிராம் ஃபாண்டன்டில் ஒரு தேக்கரண்டி சிஎம்சி பிசைந்தால் நிற்கும் பதம் வரும். காய இரண்டு மூன்று நாள் பிடிக்கும். மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில், பொம்மை அதில் படாதபடி வைத்து மூடுங்கள். ஒட்டும் பசையும் சிஎம்சிதான்: இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரில் கால் தேக்கரண்டி சிஎம்சியை இரவே போட்டு வைக்கலாம். தலையை உடலில் நிறுத்தப் பல்குச்சி செருகாதீர்கள், குழந்தை அப்படியே கடிக்கும். வேகவைக்காத ஸ்பகெட்டித் துண்டு போதும்.

நிறத்தைத் திரவத்தில் சேர்த்தால் பதம் கெடும், ஜெல் வாங்குங்கள். கடும் சிவப்பும் கறுப்பும் வெள்ளை ஃபாண்டன்டிலிருந்து கிளம்பினால் கசப்பில் முடியும். கறுப்புக்குக் கோகோ சேர்த்த பழுப்பு ஃபாண்டன்டில் தொடங்கி ஓர் இரவு விட்டால் நிறம் தானாக ஆழமாகும். ஊதாவும் இளஞ்சிவப்பும் வெயில் பட்டால் வெளுக்கும், ஜன்னலோரம் வேண்டாம். 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் துணிச் சாயமான ரோடமின்-பி இருந்ததால் தமிழக அரசு அதைத் தடை செய்தது நினைவிருக்கும். இந்தியாவில் உணவுக்கு அனுமதித்த செயற்கைச் சாயங்கள் எட்டுதான். காருக்குப் பளபளப்பு ஏற்றும் பொடியில் 'நான்-டாக்சிக்' (நஞ்சில்லாதது) என்று மட்டும் போட்டிருந்தால் அது அலங்காரத்துக்கானது, தின்பதற்கு அல்ல. 'எடிபிள்' (உண்ணத்தக்கது) என்ற சொல்லும் உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலும் டப்பாவில் இருக்க வேண்டும். உங்கள் கட்டுரை வெள்ளிப் பொடி தூவச் சொன்னதே தவிர, எந்தப் பொடி என்று சொல்லவில்லை.

ஒரு வேண்டுகோள். அடுத்த செய்முறையில் 'கப்' கணக்கை விட்டுவிட்டுக் கிராமில் போடுங்கள். கடையில் 200 மில்லி கப்பும் கிடைக்கிறது, 240 மில்லி கப்பும் கிடைக்கிறது. உங்கள் கட்டுரையின் இரண்டரைக் கப் மைதா இவற்றில் எது?

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி.