சுவரும் கூடவே நடக்கிறது

விருதம்பட்டு,
காட்பாடி

அன்புள்ள பாப்பாவுக்கு,

பேத்தி நடக்கிற படங்கள் பதினொன்றும் வந்தன. உன் அம்மா போனை இன்னும் கீழே வைக்கவில்லை. நீ கேட்டபடி எல்லாவற்றையும் ஒரே படமாகச் சேர்க்கப் பார்த்தேன். சேரவில்லை. குழந்தையோடு சுவரும் ஜன்னலும் சேர்ந்து நடக்கின்றன. கையில் பிடித்தே எடுத்திருக்கிறாய், இல்லையா?

ஸ்டூடியோக்காரன் மகள் இப்படிச் செய்யலாமா என்று எழுத வந்து, நிறுத்திக்கொண்டேன். எனக்கு அந்த யோக்கியதை இல்லை.

மாடிக் கைப்பிடிச் சுவரில் சிவப்பு பெயிண்டில் மூன்று புள்ளி வைத்திருந்தேனே, அங்கேதான் ஸ்டாண்டு. மாதாமாதம் ஒன்றாம் தேதி, காலை ஏழு மணிக்குப் பாலாறு. "வெறும் மணலை எதுக்கு சார் எடுக்கறீங்க?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்காத மாதம் இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். வரிசையாக ஓட்டினால்தான் சீமைக் கருவேலம் கரையிலிருந்து இறங்கி நடு ஆற்றுக்குப் போனது தெரியும்.

2021 நவம்பரில் ஆறு இரு கரையும் தொட்டு வந்தது. ஊரே பாலத்தில் நின்றது. நானும் ஸ்டாண்டிலிருந்து கேமராவைக் கழற்றிக்கொண்டு ஓடினேன். இருநூறு படம், எல்லாம் பளிச். ஆனால் என் வரிசையில் வெள்ளமே இல்லை! நவம்பர் 1 படத்தில் கருவேலம் நிமிர்ந்து நிற்கிறது, டிசம்பர் 1 படத்தில் கிழக்கே சாய்ந்து படுத்துக் கிடக்கிறது. மாடியிலிருந்து ஒரே ஒரு படம் எடுத்திருக்கலாம். இன்னும் மனசு ஆறவில்லை.

சரி, உன் வேலைக்கு வருகிறேன். போனைத் தரையில், குழந்தையின் இடுப்பு உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்கி அதன் மேல் நிறுத்து. நேர் எதிரே வேண்டாம், பக்கவாட்டில் வை. எதிரே வந்தால் எல்லாப் பாப்பாவும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடு, இல்லாவிட்டால் படத்துக்குப் படம் சுவரின் நிறம் மாறும். ஜன்னல் வெளிச்சத்தில் ஷட்டர் வேகம் 1/500 விநாடி இருந்தால் கால் கலங்காது.

இன்னொன்று. விழுந்த படங்களை அழித்துவிட்டாய் என்று நினைக்கிறேன். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் ஒரு தாவல் இருக்கிறது. 1878-இல் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் 12 கேமராவை வரிசையாக வைத்து, குதிரை இடறும் நூலாலேயே ஷட்டரைத் தட்டவைத்தார். ஓடும் குதிரையின் நாலு காலும் தரையை விட்டு எழும்புகிறதா என்பதுதான் கேள்வி. எழும்பத்தான் செய்தது. ஆனால் ஓவியர்கள் வரைந்த மாதிரி கால்களை நீட்டியபோது இல்லை, வயிற்றுக்கடியில் மடக்கியபோது. அந்தப் படம் பார்க்க அழகில்லை. அவர் அதைத் தூக்கிப்போட்டிருந்தால்?

அடுத்த முறை விழுவதையும் அனுப்பு. மாப்பிள்ளையை, படம் முடிகிற இரண்டு ஓரத்திலும் தரையில் டேப் ஒட்டச் சொல். சீக்கிரம் எடு, ஓட ஆரம்பித்துவிட்டால் 1/500 போதாது.

அப்பா