கன்வெர்ட்டருக்குப் பணம் கட்டும் முன்

தக்கலை,
ஞாயிறு மாலை.

அன்புள்ள மக்களே,

நேற்று பேசிக்கொண்டிருக்கும்போதே உனக்கு டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பலாம் என்றால் நீ கேட்கும்போது மாப்பிள்ளை தூங்குவார், அவர் கேட்கும்போது நீ வார்டில் நிற்பாய். எழுதிவிட்டால் இரண்டு பேரும் கொலராடோவில் நீங்கள் குடியிருக்கிற டிரெய்லர் வீட்டுப் பக்கத்தில் நின்றே வாசித்துப் பார்க்கலாம். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பிளக்கை உருவினால் விளக்கு அணைகிறது என்பதற்காகப் புதுக் கன்வெர்ட்டர், அதான் ஏசி கரண்டை டிசியாக்குகிற பெட்டி, இப்போது வாங்க வேண்டாம். ஆர்டர் போட்டிருந்தால் கேன்சல் பண்ணச் சொல்.

நீங்கள் சொன்னதையெல்லாம் சேர்த்து வைத்துப் பார்த்தேன். கரண்டு பிளக் குத்தியிருந்தால் விளக்கு, ஃபேன், தண்ணீர் பம்ப் எல்லாம் வேலை செய்கிறது. பிளக்கை உருவினால் உள்ளே ஒரு பொட்டு வெளிச்சம் கிடையாது. ஆனால் டிரெய்லரின் முன்பக்கத்தைத் தூக்கி இறக்குகிற எலெக்ட்ரிக் ஜாக்கி அப்போதும் ஏறி இறங்குகிறது. கன்வெர்ட்டர் செத்திருந்தால் பிளக் குத்தியும் உங்களுக்கு விளக்கு எரியாது. அங்கத்திய 120 வோல்ட் ஏசியை வாங்கி 13.6 வோல்ட் அளவில் டிசியாக்கி, அந்த விளக்கையும் பம்பையும் ஓட்டுவதும் பேட்டரியை ஏற்றுவதும் அந்த ஒரே பெட்டிதான். ஜாக்கி நடக்கிறது என்றால் பேட்டரியும் உயிரோடு இருக்கிறது. பெரும்பாலான டிரெய்லர்களில் ஜாக்கிக்கு வயர் பேட்டரியிலிருந்து நேராகப் போகும், உள்ளே ஃபியூஸும் பிரேக்கரும் இருக்கிற பேனலுக்கே வராது. ஆக அந்தப் பக்கமும் நன்றாயிருக்கிறது, இந்தப் பக்கமும் நன்றாயிருக்கிறது, நடுவழியில்தான் அறுந்திருக்கிறது. உனக்குப் புரிகிற மாதிரி சொன்னால், டிரிப் பாட்டிலில் மருந்து நிறைய இருக்கிறது, கையில் நரம்பும் நல்ல நரம்பு, குழாய்தான் எங்கேயோ மடங்கிக் கிடக்கிறது. அதற்குப் போய் யாராவது பாட்டிலை மாற்றுவார்களா?

நடுவில் என்னென்ன இருக்கும் என்று பார். பேட்டரி பக்கத்தில் ஒரு டிஸ்கனெக்ட் சுவிட்ச் இருக்கலாம். பேட்டரி வயரில் கொஞ்ச தூரத்திலேயே தீப்பெட்டியிலும் சின்னதாக ஒரு பிரேக்கர் இருக்கும், சூடானால் தானே விட்டுவிட்டுத் தானே சேரும். அப்புறம் பேனலில், விளக்குக்கான சின்ன ஃபியூஸ்களோடு சேர்ந்தோ கொஞ்சம் தள்ளியோ, பெரிய ஃபியூஸ் பெரும்பாலும் இரண்டு இருக்கும். 30 ஆம்பியரோ 40 ஆம்பியரோ போட்டிருக்கும். ‘ரிவர்ஸ் பேட்டரி’, ‘ரிவர்ஸ் போலாரிட்டி’ என்று பக்கத்தில் எழுதியிருப்பார்கள். பேட்டரியை யாராவது தலைகீழாக மாட்டினால் கன்வெர்ட்டரைக் காப்பாற்ற அந்த ஃபியூஸ்கள் உயிரை விடும். என் சந்தேகம் முழுக்க அவற்றின் மேல்தான்.

ஏன் சொல்கிறேன் என்றால், பேட்டரி மாற்றினபோது ‘டப்’பென்று பெரிய பொறி பறந்தது, உடனே வயரை மாற்றிப் போட்டேன் என்று மாப்பிள்ளை போகிற போக்கில் சொன்னார். உள்ளே ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் சரியாக மாட்டும்போதுகூடச் சின்னப் பொறி வரும். இது அது இல்லை. அவரை ஒன்றும் சொல்லாதே. நம் ஊரில் வண்டி வயரிங் பழகின எவனும் அதைத்தான் செய்வான். நமக்குச் சிவப்பு பாசிட்டிவ், கறுப்பு நெகட்டிவ். அமெரிக்க டிரெய்லரில் பேட்டரிக்கு வருகிற வயரில் பல நேரம் கறுப்புதான் பாசிட்டிவ், வெள்ளை நெகட்டிவ். நீ அனுப்பின படத்திலும் கறுப்பும் வெள்ளையும்தான் தெரிகிறது, சிவப்பையே காணோம். ஆனால் நிறத்தை நம்பி எதையும் மாட்டாதே. முன்னால் வைத்திருந்தவன் எந்த வயரை எதில் ஒட்டுப் போட்டானோ, யார் கண்டது.

இனி வேலை. ஒரு மல்டிமீட்டர் போதும், விலை கூடியது தேவையில்லை. தொடங்கும் முன் வளையல், மோதிரம், கழுத்துச் செயின் எல்லாம் கழற்றி வை. மாப்பிள்ளையும் அப்படித்தான். பேட்டரியின் இரண்டு டெர்மினலுக்கும் குறுக்கே தங்கம் விழுந்தால் பழுத்துவிடும். என் கடைக்கு வருகிறவர்களிடம் நான் கத்துவது இந்த ஒன்றுக்குத்தான்.

பிளக் குத்தியிருக்கும்போது பேட்டரி டெர்மினலில் மீட்டரை வைத்து வோல்ட் பார், எழுதிக்கொள். அப்புறம் உள்ளே 12 வோல்ட் சாக்கெட் ஏதாவது இருந்தால் அதில் பார். அங்கே 13.6 பக்கம் காட்டி, பேட்டரியில் 12.3, 12.4 என்று கிடந்தால் நான் சொன்னதுதான், வழி அறுந்திருக்கிறது. இரண்டிலும் 13.6 என்றால் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது, பேசாமல் விட்டுவிடு. இரண்டிலும் ஒரே மாதிரி 12-ஐ ஒட்டி நின்று, பிளக்கை உருவினாலும் மாறாமல் இருந்தால்தான் கன்வெர்ட்டரைச் சந்தேகப்பட வேண்டும். அப்போதும் அது குத்தியிருக்கிற பாயிண்டில் 120 வருகிறதா, பிரேக்கர் விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு. இன்னொன்று உண்டு. பேட்டரி ரொம்பக் காலியாக இருந்தால் கன்வெர்ட்டர் நன்றாக வேலை செய்தாலும் தொடக்கத்தில் 13-க்குக் கீழேதான் காட்டும், மெல்ல மெல்ல ஏறும். அரை மணிக்கூர் கழித்துப் பார்த்துவிட்டு முடிவு பண்ணு.

ஃபியூஸைத் தொடும் முன் வெளி பிளக்கை உருவிவிடு. பேட்டரி வயர் இரண்டையும் கழற்றிவிடு. பேனல் மூடிக்குப் பின்னால் 120 வோல்ட் பிரேக்கர்களும் அதே பெட்டிக்குள்தான் நிற்கின்றன. அந்தப் பெரிய ஃபியூஸின் தலையைக் கிட்டே பார்த்தால் பிளாஸ்டிக்கில் இரண்டு சின்ன ஓட்டை, உள்ளே உலோகம் மினுங்கும். மீட்டரைக் கண்டினியூட்டியில் வைத்து இரண்டையும் தொடு. பீப் சத்தம் வரவில்லை என்றால் போய்விட்டது. சந்தேகம் இருந்தால் பிடுங்கி வெளியே வைத்துப் பார். கண்ணால் மட்டும் பார்த்து நல்லது என்று சொல்லிவிடாதே. அந்தச் சவம் சில நேரம் மயிரிழையில் அறுந்திருக்கும், பார்த்தால் புதிது மாதிரியே இருக்கும். எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறதோ அதே அளவுதான் வாங்க வேண்டும். 30 கிடைக்கவில்லை, 40 போடலாம் என்று கடைக்காரன் சொன்னால் கேட்காதே.

புது ஃபியூஸைச் செருகும் முன் எது எர்த், அதாவது நெகட்டிவ் வயர், என்று உறுதியாக்கிக்கொள், இல்லாவிட்டால் அதுவும் போகும். பேட்டரி வயர் இரண்டும் கழன்று கிடக்கும்போதே, மீட்டரைக் கண்டினியூட்டியிலேயே விட்டு, ஒரு முனையைச் சேசிஸில், அதாவது டிரெய்லரின் இரும்பு அடிச்சட்டத்தில், பெயின்ட் சுரண்டின இடத்தில் வை, மறுமுனையை ஒவ்வொரு வயரிலும் வை. எது சுழியத்துக்குப் பக்கம் காட்டுகிறதோ அது நெகட்டிவ். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். எல்லாம் முடிந்ததும் கேஸ் லீக் அலாரத்தை டெஸ்ட் பட்டன் அழுத்திப் பார்த்துவிடு. தலைகீழ்க் கரண்டில் அதுவும் அடிபட்டிருக்கலாம். அதற்குள்ளேதானே படுத்துத் தூங்குகிறீர்கள்.

ஃபியூஸ் நன்றாயிருந்தால், பேட்டரியைத் திரும்ப மாட்டிவிட்டு, பேட்டரி வயரில் இருக்கிற அந்தச் சின்னப் பிரேக்கரின் இரண்டு காலிலும் வோல்ட் பார். ஒரு காலில் வந்து மறுகாலில் வராவிட்டால் அதை மாற்று, விலை அதிகமிருக்காது. அதுவும் சரியென்றால் எர்த். சேசிஸில் போல்ட் போட்ட இடம் துரு பிடித்து, வயர் முனையில் இருக்கிற லக்கில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும். குளச்சலிலிருந்து போட் பேட்டரி கொண்டுவருகிறவர்கள் பாதிப் பேருக்குப் பேட்டரியில் குற்றமே இருக்காது. உப்புக்காற்றில் லக் தின்றுபோய் ஜிபிஎஸ்ஸும் வயர்லெஸ்ஸும் கடலில் நின்றுவிடும், இவர்கள் பேட்டரியைச் சுமந்துகொண்டு வருவார்கள். உங்களுக்கு உப்புக்காற்று இல்லை. ஆனால் பனிக்காலத்தில் ரோட்டில் உப்புப் போடுவார்கள் என்று நீதான் சொன்னாய். உப்புத்தாளால் வெள்ளையாகும்வரை தேய்த்து முறுக்கிவிட்டால் போதும்.

பேட்டரியை மட்டும் காலியாகப் போட்டுவைக்காதே. ஓய்வில் ஒரு சில மணிக்கூர் கிடந்த பிறகு 12.6 காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 பாதி. அதற்குக் கீழே விடாதே. 2017 நவம்பர் 30-ல் ஓக்கி அடித்து, போஸ்டெல்லாம் சாய்ந்து நாள்கணக்கில் கரண்டு இல்லாமல் கிடந்தது உனக்கு நினைவிருக்கும். அதற்கப்புறம் கடைக்கு வந்த இன்வெர்ட்டர் பேட்டரிகளில் பலதும் காலியாகவே கிடந்து, தட்டில் சல்பேட் இறுகிப்போனவை. சார்ஜில் போட்டால் வோல்ட் சட்டென்று ஏறும், பாரம் வைத்தால் விழும். உங்கள் பேட்டரி மூடி திறக்கிற வகையென்றால் தண்ணீரும் பார். தட்டு முங்கி நிற்க வேண்டும், டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்று. இராத்திரி ஹீட்டர் ஓடுகிறதே, எரிவது கேஸ் என்றாலும் அதன் ஃபேன் பேட்டரியைத்தான் குடிக்கும்.

அடுத்த கான்ட்ராக்ட்டுக்குக் கூட வேலை பார்க்கிறவள் வீட்டு முற்றத்தில் நிறுத்தலாம் என்றாயே, அதற்கு ஒரு எச்சரிக்கை. டிரெய்லரின் 30 ஆம்பியர் பிளக் பார்க்கத் துணி உலர்த்தும் மெஷின் பிளக் மாதிரி இருக்கும். மெஷினுக்கு 240 வோல்ட், டிரெய்லருக்கு 120. அங்கத்திய எலெக்ட்ரீஷியன்களே சிலர் குழம்பி 240 கொடுத்துவிடுவது உண்டு. அப்படி வந்தால் கன்வெர்ட்டர், மைக்ரோவேவ் எல்லாம் ஒரே நிமிடத்தில் கரிந்துவிடும். புது இடத்தில் சாக்கெட்டில் மீட்டர் வைக்காமல் பிளக் குத்தாதே.

மாப்பிள்ளை லித்தியம் போடலாமா என்று கேட்டார். கொள்ளாம், ஆனால் இப்போது வேண்டாம். அதை நிறைக்க 14.4 வோல்ட் அளவில் வேண்டும், உங்கள் பழைய கன்வெர்ட்டர் அந்த அளவுக்கு நிறைக்குமா என்று பார்க்க வேண்டும். உறைகிற குளிரில், அதாவது சுழியத்துக்குக் கீழே, லித்தியத்தைச் சார்ஜ் பண்ணவும் கூடாது. கொலராடோவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டுப் பேசுவோம்.

இங்கே ஐப்பசி மழை விடாமல் பெய்கிறது, கடையில் கூட்டம் இல்லை. அதனால் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம். கூப்பிடும் முன் இரண்டு படம் அனுப்பு: பேட்டரியில் மீட்டர் வைத்தது ஒன்று, உள்ளே 12 வோல்ட் சாக்கெட்டில் வைத்தது ஒன்று. பிளக் குத்தியிருந்ததா இல்லையா என்று கீழே எழுது. அம்மை மிளகாய்ப்பொடியும் புளியும் பார்சல் கட்டி வைத்திருக்கிறாள், அடுத்த ஊர் விலாசம் கேட்கிறாள். அதையும் சேர்த்து அனுப்பிவிடு.

அன்புடன்,
அப்பா