தண்ணி லாரி அண்ணனுக்கும் கூட நின்ன எல்லாருக்கும் பெருங்குடியிலருந்து ஒரு நன்றி

எல்லாருக்கும் வணக்கம். என் பையனுக்கு இழுப்பு உண்டு, அவனோட இன்ஹேலர் பம்ப்பை இனிமே ராத்திரி மட்டும் அடிச்சா போதும்னு நேத்து சாயங்காலம் டாக்டர் சொல்லிட்டார். சென்னை பெருங்குடியில எங்க வீட்டு பக்கத்துல இருந்த குப்பமேடு போனதால தான்னு அவர் சொல்லல, வயசு ஏற ஏற சில பிள்ளைங்களுக்கு வீஸிங் தானா குறையும்னு தான் சொன்னார், ஆனா எனக்கு க்ளினிக் படி இறங்கறப்பவே அழுகை வந்துடுச்சு. இந்த மூச்சு சரியாகறதுக்கு எத்தனையோ பேர் கை குடுத்திருக்காங்க, அவங்க எல்லாருக்கும் வாயால ஒரு நன்றி கூட நான் இன்னும் சொல்லல. அதான் இன்னிக்கே எழுதிடறேன்.

நம்ம குப்பமேட்டு கதையை உங்களுக்கு நான் புதுசா சொல்ல ஒண்ணும் இல்ல. வாடை, ஈ, மஞ்சளா வர்ற போர் தண்ணி, சோறு வடிக்க கூட கேன் தண்ணி, 2022 ஏப்ரல்ல மேடு பத்தி எரிஞ்சு நாள் கணக்கா புகைஞ்சப்ப ஈரத்துணிய மூஞ்சில கட்டிக்கிட்டு பிள்ளைங்கள தூக்கிட்டு சொந்தக்காரங்க வீட்டுக்கு ஓடினது, எல்லாம் உங்களுக்கும் நடந்தது தான். அதை திரும்ப எழுத எனக்கு தெம்பு இல்ல.

ஆனா ஒண்ணு மட்டும் சொல்லணும், ஏன்னா நன்றி அங்கருந்து தான் ஆரம்பிக்குது. மேட்டை எடுக்க போறாங்க, பயோமைனிங் வருது, 350 கோடி திட்டம், 225 ஏக்கர்ல 30 லட்சம் கன மீட்டருக்கு மேல கிடக்குற பழைய குப்பையை கிளறி பிரிச்சு எடுக்க போறாங்கன்னு கேள்விப்பட்டப்ப நம்ம தெருவே சந்தோஷப்பட்டுச்சு, ஆனா எடுக்கும்போது பக்கத்துல குடியிருக்கறவங்களுக்கு என்ன ஆகும்னு யாரும் யோசிக்கல. முப்பது வருஷத்துக்கு மேல அமுங்கி கிடந்த குப்பையை ஹிட்டாச்சி வச்சு தோண்டி, வரிசை வரிசையா கொட்டி, வாடை குறையவும் மக்கவும் மருந்து தெளிச்சு, புரட்டி புரட்டி காய விட்டு, அப்புறம் பெரிய பீப்பா மாதிரி சுத்துற சல்லடையில போட்டு சலிக்கணும். கல்லு தனி, மண்ணு தனி, பிளாஸ்டிக்கும் துணியும் தனி. காஞ்சா தான் பிரியும், ஆனா காஞ்சா தான் பறக்கவும் செய்யும். அந்த மண்ணை ஏத்திக்கிட்டு டிப்பர் லாரி நம்ம தெரு முனை வழியா போக ஆரம்பிச்சப்ப தான் எங்க வீட்ல மருந்தை ஆவியாக்கி மூச்சுல இழுக்க வைக்கிற நெபுலைசர் மெஷின் ஓயாம ஓடுச்சு. ஜன்னல்ல ஈர பெட்ஷீட் தொங்க விட்டிருந்தோம், சாயங்காலம் எடுத்து பிழிஞ்சா கருப்பா இறங்கும். மேட்டை எடுக்காதீங்கன்னும் சொல்ல முடியாது, இப்படி எடுக்காதீங்கன்னு யார்கிட்ட சொல்றதுன்னும் தெரியாது.

கணக்கெடுக்க வந்தாங்க. பேர் எழுதினாங்க, போன் நம்பர் எழுதினாங்க, வீட்ல எத்தனை பேர்னு கேட்டாங்க. நல்லவங்க தான், அவங்க வேலையை செஞ்சாங்க, நான் யாரையும் குறை சொல்றதுக்காக இதை எழுதல.

இப்ப அந்த அண்ணனை பத்தி சொல்றேன். பேர் போட வேணாம்மா, வேலைக்கு எதாவது ஆகிடும்னு சொல்லியிருக்கார், அதனால தண்ணி லாரி அண்ணன்னே எழுதறேன். செய்யாறு பக்கம் ஊரு. குப்பமேடு இருக்கற யார்டு உள்ள புழுதி அடங்க தண்ணி தெளிக்கிற லாரி அவரோடது, சொந்த லாரி இல்ல, ஓட்டுற வேலை. உள்ள பாதைக்கு தண்ணி அடிக்கிறது மட்டும் தான் அவருக்கு குடுத்த வேலை, வெளில இருக்கற நம்ம தெருவுக்கும் அவருக்கும் எந்த சம்பந்தமும் கிடையாது.

ஒரு நாள் காலைல ஸ்கூல் வேனுக்கு நின்னுக்கிட்டிருந்தோம், பையன் மாஸ்க் போட்டுக்கிட்டு என் புடவைல மூஞ்சிய புதைச்சுக்கிட்டு நிக்கிறான், வரிசையா மூணு டிப்பர் போச்சு, எதிர்ல யார் நிக்கிறாங்கன்னு கூட தெரியல அவ்ளோ புழுதி. பின்னாடி வந்த தண்ணி லாரி ஓரமா நின்னுச்சு. அவர் இறங்கி வந்தார். திட்ட வர்றார் போல, ரோட்டுல நிக்காதீங்கன்னு சொல்ல வர்றார் போலன்னு நினைச்சேன். வந்து பையனை பாத்தார், என்னை பாத்து கேட்டார், "தம்பிக்கு எந்த நேரத்துல ரொம்ப கஷ்டமா இருக்கும்மா?"

இந்த கேள்வியை அது வரைக்கும் எங்கள யாருமே கேட்டதில்ல. எத்தனை வருஷமா இருக்கீங்க, சொந்த வீடா வாடகையா, பட்டா இருக்கா, எந்த ஆஸ்பத்திரில பாக்கறீங்க, இதெல்லாம் கேட்டிருக்காங்க. எந்த நேரத்துலன்னு இவர் தான் கேட்டார். காலைல வேன் வர்ற நேரம் அண்ணா, அப்புறம் சாயங்காலம் ஸ்கூல் விட்டு வரும்போதுன்னு சொன்னேன். சரிம்மான்னு போயிட்டார்.

மறுநாள் நாங்க கேட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே ரோடு நனைஞ்சிருந்துச்சு. முனைல இருந்து டீக்கடை வரைக்கும். மழை பேஞ்சுதான்னு பாத்தா வானம் வெறிச்சோடி கிடக்கு. சாயங்காலமும் அதே மாதிரி. அதுக்கடுத்த நாளும். அப்படியே அது தெருவுக்கு வழக்கமாயிடுச்சு, பிள்ளைங்க எல்லாம் தண்ணி லாரி போயிடுச்சா, அப்ப வேன் வர்ற நேரம்னு சொல்ற அளவுக்கு.

அவர் டூட்டி எட்டு மணிக்கு தான் ஆரம்பிக்குதுன்னு ரொம்ப நாள் கழிச்சு வாட்ச்மேன் சொல்லி தான் தெரியும். அதுக்கு முன்னாடியே வந்து, சூப்பர்வைசர்கிட்ட கேட்டு அனுமதி வாங்கி, ஒரு லோடு நம்ம தெருவுக்குன்னு தனியா அடிச்சிருக்கார். டீசல் அளந்து குடுக்கற இடத்துல இதை கேட்டு வாங்கறது லேசு இல்ல, சரின்னு சொன்ன அந்த சூப்பர்வைசர் தம்பிக்கும் இங்கயே நன்றி சொல்லிக்கறேன். இன்னொண்ணும் தெரிஞ்சுது. யார்டு உள்ள அடிக்கற தண்ணில கொஞ்சம் வாடை வருமாம், குழந்தைங்க நடக்குற ரோட்டுக்கு அது வேணாம்னு இந்த ஒரு லோடுக்கு மட்டும் தள்ளி இருக்கற போர்ல போய் புடிச்சுக்கிட்டு வருவாராம். நாங்க யாரும் கேக்கல. வாடை வந்திருந்தாலும் நாங்க ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டோம், இத்தனை வருஷம் அதுலயே இருந்தவங்க தானே.

டிப்பர் ஓட்டுறவங்க கிட்டயும் பேசியிருக்கார். தார்ப்பாய் சும்மா பேருக்கு மேல கிடக்கும், கட்டியிருக்க மாட்டாங்க. இவர் கேட்டுல லாரியை குறுக்க நிறுத்திட்டு "கட்டிட்டு போப்பா, அங்க சின்ன பிள்ளைங்க நிக்குது"ன்னு சொல்வாராம். சண்டை எல்லாம் இல்ல, சிரிச்சுக்கிட்டே தான். கொஞ்ச நாள்ல எல்லா வண்டியும் கட்டிக்கிட்டு வந்துச்சு.

தீபாவளிக்கு ஒரு டப்பால அதிரசமும் ஒரு வேட்டியும் எடுத்துக்கிட்டு போனேன். அதிரசத்தை வாங்கிக்கிட்டார், வேட்டியை வேணவே வேணாம்னுட்டார். எதுக்கு அண்ணா இவ்ளோ பண்றீங்கன்னு கேட்டேன், "ரோடு எப்படியும் நான் வர்ற வழி தானேம்மா"ன்னார். அவ்ளோ தான் சொன்னார். அதுக்கப்புறம் டயர்ல காத்து பாக்க போயிட்டார்.

நான் இதை பத்தி நிறைய யோசிச்சிருக்கேன். புழுதி அடங்க ரோட்டுல தண்ணி அடிக்கணும், லாரியை மூடணும், இதெல்லாம் இந்த மாதிரி வேலைக்கு விதியிலயே இருக்கறது தான், யாரும் கருணை காட்டி செய்ய வேண்டியது இல்ல. ஆனா அந்த விதி யார்டு கேட்டோட நின்னு போயிருந்துச்சு. அதை எங்க வாசல் வரைக்கும் கொண்டு வந்தது அந்த அண்ணன் தான். அதுக்கு அவருக்கு ஒரு ரூபா கூட அதிகமா கிடைக்கல.

மத்தவங்க எல்லாரையும் விட்டுட்டேன்னு நினைக்காதீங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு கரண்ட் போனப்ப இன்வெர்ட்டர் இருக்கற வீட்டை திறந்து விட்டு நெபுலைசர் போட இடம் குடுத்த எதிர் வீட்டு அக்கா, ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா, புகை நாட்கள்ல ராப்பகலா நின்ன தீயணைப்பு வீரர்கள், எங்க போர் தண்ணியை பாட்டில்ல எடுத்துட்டு போய் டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட்டை தமிழ்ல எழுதி வீடு வீடா வந்து விளக்கின காலேஜ் பிள்ளைங்க, பசுமை தீர்ப்பாயத்துல வருஷக்கணக்கா கேஸ் நடத்தினவங்க, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை காப்பாத்துங்கன்னு நாங்க குப்பை வாடைய பத்தி பேசறதுக்கு முன்னாடியே கத்திக்கிட்டிருந்த பறவை பாக்கறவங்க, 2022-ல அதுக்கு உலக அளவுல முக்கியமான ஈரநிலம்ங்கற ராம்சார் அங்கீகாரம் கிடைக்க பாடுபட்டவங்க, மாநகராட்சி ஊழியர்கள், சல்லடை மெஷின் பக்கத்துல பெல்ட்ல வர்ற குப்பையை கையால பிரிச்ச பெண்கள், எங்கருந்தோ வந்து அந்த வெயில்ல மெஷின் ஓட்டின வடமாநில தம்பிகள், எல்லாருக்கும் கை கூப்பி நன்றி. அந்த பெண்கள்ல பல பேர் முன்னாடி இதே மேட்டுல பொறுக்கி பிழைச்சவங்க. எங்க ஊசி கிடக்கும், எங்க கண்ணாடி கிடக்கும், எந்த பக்கம் புகையும்னு அவங்களுக்கு தான் தெரியும், எந்த மேப்லயும் அது கிடையாது. மேடு போனதுல அவங்க பிழைப்பு போச்சு, எல்லாருக்கும் வேலை கிடைக்கல. எங்க மூச்சுக்கு அவங்க குடுத்த விலை அது, அதை நான் மறக்க மாட்டேன்.

இப்ப நம்ம பக்கம் நின்னு பாத்தா வெட்டவெளியா இருக்கு. 90 ஏக்கருக்கு மேல மீட்டாச்சுன்னு மாநகராட்சி சொல்லியிருக்கு. இந்த ஏரியா பெரியவங்க சொல்வாங்க, ஒரு காலத்துல இங்க தண்ணியும் கோரையும் மட்டும் தான், பூநாரை வரும், கூழைக்கடா வரும்னு. 5,000 ஹெக்டேருக்கு மேல இருந்த சதுப்பு நிலம், ரோடும் கட்டடமும் குப்பையும் சேந்து தின்னு, இப்ப 600, 700 ஹெக்டேர்னு வந்து நிக்குது. இந்த இடத்துல பூங்கா வரும்னு பேச்சு இருக்கு. பூங்கா வந்தா என் பையனும் தான் விளையாடுவான், ஆனா என்னை கேட்டா மண்ணை நல்லா சுத்தம் பண்ணி தண்ணிக்கே திருப்பி குடுத்துடணும்னு தான் சொல்லுவேன். 2015 வெள்ளத்துல முழங்கால் தண்ணில நின்னவங்களுக்கு நான் ஏன் சொல்றேன்னு புரியும், தண்ணி தங்கற இடத்தை நாம எடுத்துக்கிட்டா அது நம்ம வீட்டுக்குள்ள தான் வந்து தங்கும்.

இன்னொரு கவலையும் உண்டு. சலிச்ச பிளாஸ்டிக்கும் துணியும் சிமெண்ட் பேக்டரிக்கு எரிக்க போகுது, சலிச்ச மண்ணு பள்ளமான இடத்தை நிரப்ப போகுது. அந்த மண்ணுல ஈயமும் குரோமியமும் மாதிரி கன உலோகம் தங்கியிருக்கலாம், டெஸ்ட் பண்ணி பாத்துட்டு தான் எங்கயும் கொட்டணும், விவசாய நிலத்து பக்கமோ குளத்து பக்கமோ போகவே கூடாது. நம்ம கஷ்டம் லாரி ஏறி இன்னொரு ஊர் பிள்ளை நெஞ்சுல போய் இறங்கினா அது தீர்ந்ததா ஆகாது. அதனால நான் எனக்குள்ள ஒண்ணு முடிவு பண்ணியிருக்கேன். இனிமே ஏரியா சபை கூட்டம் எப்ப நடந்தாலும் போவேன், ரிப்போர்ட்டை காட்டுங்கன்னு கேப்பேன், மண்ணு எங்க போச்சுன்னு கேப்பேன், பொறுக்கி பிழைச்ச அக்காங்களுக்கு வேலை என்னாச்சுன்னு கேப்பேன். எங்க தெருவுல வீட்டுக்கு வீடு ஈரக்குப்பை தனி, உலர்ந்த குப்பை தனின்னு பிரிச்சு குடுக்க வைக்கிற பொறுப்பையும் நானே எடுத்துக்கறேன், வர விருப்பம் இருக்கறவங்க சாயங்காலம் வீட்டுக்கு வாங்க, சேந்து செய்வோம்.

தண்ணி லாரி அண்ணனுக்கு இங்க வேலை முடிஞ்சுடுச்சு. அடுத்து கொடுங்கையூர் யார்டுக்கு போகலாம்னு சொன்னார், உறுதி இல்ல. அங்க கிட்டத்தட்ட 640 கோடி திட்டம், நம்ம மேட்டை விட ரொம்ப பெருசு, நாம பட்டதை அவங்க இன்னும் நிறைய நாள் படணும். கொடுங்கையூர், வியாசர்பாடி, எழில் நகர் பக்கம் இருக்கறவங்க யாராவது இதை படிச்சா, புழுதி அதிகமானா பொறுத்துக்கிட்டு இருக்காதீங்க, ரோட்டுக்கு தண்ணி அடிங்க, தார்ப்பாய் கட்டுங்கன்னு போய் கேளுங்க, கேக்கறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு. செய்யாறு பேச்சு பேசற, எதை கேட்டாலும் சிரிச்சுக்கிட்டே பதில் சொல்ற ஒரு தண்ணி லாரி அண்ணனை அங்க பாத்தீங்கன்னா, பெருங்குடில ஒரு பையன் ராத்திரி நல்லா தூங்கறான்னு அவர்கிட்ட சொல்லிடுங்க. உங்க வீட்டு பிள்ளைக்கு எந்த நேரத்துல கஷ்டமா இருக்குன்னும் சொல்லி வைங்க.

நன்றியோட,
பெருங்குடியிலருந்து ஒரு அம்மா