ரொபர்ட் மொரிஸ் மறியலில் இருந்தவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இதழில் அமெரிக்க நிதியாளர் ரொபர்ட் மொரிஸின் வாழ்க்கைக் குறிப்பை வாசித்தேன். லிவர்பூலில் பிறந்தது, பிலடெல்பியாவில் பெரிய கப்பல் வணிகரானது, 1781 முதல் 1784 வரை அரசின் நிதிப் பொறுப்பை ஏற்றது, அமெரிக்க விடுதலைப் போரின் யோர்க்டவுன் சண்டைக்குத் தன் சொந்தப் பெயரில் கடன்சீட்டு எழுதிக் கொடுத்தது எல்லாம் சரியாகவே இருந்தன. கடைசி வரியில்தான், முதுமையில் அவருக்குச் சற்றுப் பணமுடை ஏற்பட்டது என்று முடித்துவிட்டீர்கள்.

பணமுடையா? அவர் கடனுக்காக மறியலில் கிடந்தவர். 1798 பெப்ரவரி தொடக்கம் 1801 ஓகஸ்ட் வரை பிலடெல்பியாவின் புரூன் வீதிச் சிறையில் இருந்தார். கண்டபடி காணி வாங்கிக் குவித்து, விற்க வழியில்லாமல், ஏறத்தாழ முப்பது லட்சம் டொலர் கடனாளியானார். ஜோர்ஜ் வொஷிங்டன் அந்தச் சிறைக்கே போய் அவரோடு சாப்பிட்டார். இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. அவருடைய கம்பனி அடிமை வியாபாரம் செய்ததும் தெரியும். இரண்டையும் விட்டுவிட்டீர்கள்.

ஆனால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள எங்கள் படுவான்கரைப் பெண்கள் கடன் கட்ட முடியாமல் நின்றபோது இதே பத்திரிகை அதைப் பேராசை என்று எழுதியது. 2018இல் வறட்சி மாவட்டப் பெண்களின் ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடனைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தபோது, இது சனங்களைச் சோம்பேறிகளாக்கும் என்று தலையங்கம் போட்டீர்கள். நான் எழுதிய பதிலை வெளியிடவில்லை. அதற்குமுன் நெல் விலை பற்றி எழுதியதையும் பாதியாக வெட்டினீர்கள்.

நான் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கொடுத்தவன், அறவிட்டவன். அறவிடுவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். ஆனால் என் மருமகளின் முற்றத்தில் நான் பார்த்தது வேறு. கிழமைக் கட்டுக்காசு நாள். ஒருவருக்கொருவர் பிணை நின்று நுண்கடன் எடுத்த குழுவில் ஒருத்தி காசோடு வரவில்லை. கடன் அறவிட வந்த பெடியன் மற்றப் பெண்களை எழும்ப விடவில்லை. அவளுக்கும் சேர்த்துக் கட்டும்வரை பாயிலேயே இருங்கள் என்றான். பள்ளிக்கூடத்தால் வந்த பிள்ளைகள் சீருடையோடு வேலியோரம் நின்றன, அடுப்பு மூட்ட ஆளில்லை. கடைசியில் ஒரு பிள்ளை காதில் கிடந்த தோட்டைக் கழற்றி அடகுக்குக் கொடுத்தனுப்பினாள். காசு வந்து கொப்பியில் வரவு எழுதிய பிறகுதான் பாயைச் சுருட்டினார்கள். இப்படிக் கடன் கொடுப்பவர்களை ஒழுங்குபடுத்தும் நுண்நிதிச் சட்டம் 2016இலேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்தது இது.

மொரிஸ் எப்படி வெளியே வந்தார்? 1800இல் அமெரிக்கா, கடன் கட்ட முடியாதவரை விடுவிக்கும் வங்குரோத்துச் சட்டம் கொண்டுவந்தது, அதன்படி வந்தார். அது வணிகர், வங்கியாளர், தரகர் போன்றோருக்கான சட்டம். வயல் செய்கிறவனுக்கு அதில் இடமில்லை. பெரிய கடனாளிக்குச் சட்டமும் சரித்திரமும் கைகொடுத்தன. அப்புறம் தங்கள் பத்திரிகையும் ஏன் கைகொடுக்க வேண்டும்? தங்களை இத்தனை காலம் மதித்து வாசித்தவன் என்பதால் கேட்கிறேன்.

வருகிற ஞாயிறு, அதே பக்கத்தில், ரொபர்ட் மொரிஸ் கடனுக்காக மூன்று வருடத்துக்கு மேல் சிறையில் இருந்தார் என்று ஒரு திருத்தம் போடுங்கள். அறிவித்தல்களுக்குக் கீழே சின்ன எழுத்தில் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்க முகாமையாளர்,
வவுணதீவு, மட்டக்களப்பு.