முதலீடு வரட்டும், பில் பணமும் வரட்டும்

ஆசிரியருக்கு,

புதிய அரசு பொறுப்பேற்றதும் தொழில் அமைப்புகள் பொன்னாடையோடு மனுவும் கொடுக்கின்றன. வளர்ச்சிக்கு நிலம், வரிச்சலுகை என்று பட்டியல் நீள்கிறது. சரி, கேட்கட்டும். லேத் பட்டறை நடத்தும் எனக்கு வேண்டியது பில் பணம்தான். பம்ப்செட் ஷாஃப்ட் கடைந்து அனுப்பினால் காசு வர நாலு மாதம்; ஜிஎஸ்டியை மட்டும் அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவன மேம்பாட்டுச் சட்டப்படி, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி. ஆனால் வட்டி கேட்டவனுக்கு அடுத்த ஆர்டர் யார் தருவார்? பணம் வராத புகாரை விசாரித்து 90 நாளில் முடிக்க வேண்டிய வசதியாக்கல் மன்றம் மாநில அரசின் கையில்தான் இருக்கிறது. அதற்குப் போதிய ஆள் போடட்டும். அப்புறம், அரசுத் துறைகள் வைத்திருக்கும் பாக்கியை முதலில் தீர்க்கட்டும்.

- ஒரு பட்டறைக்காரர், கணபதி, கோவை