ஆச்சிக்கு, லெஸ்டர்ல இருந்து

உ
சிவமயம்

அன்புள்ள ஆச்சிக்கு உன் தங்கச்சி உமையாள் எழுதிக்கிறது. இங்க நாங்க மூணு பேரும் நல்லாருக்கோம், அங்க ஆத்தா, அத்தான், பிள்ளைக எல்லாரும் சொகந்தானே. ஃபோன்ல நீ கேட்டியே, "மதுரைல அந்த மனசு வைத்தியம் பண்றவுக ரூமுக்குள்ள போனா என்னதாண்டி பண்ணுவாக, எல்லாத்தையும் ஆதியிலேருந்து சொல்லச் சொல்வாகளா"ன்னு, ஆத்தா பக்கத்துல இருந்ததால நீயும் வாய்க்குள்ளயே கேட்ட, நானும் அப்புறம் சொல்றேன்னு வச்சுட்டேன். அதான் உக்காந்து டைப் பண்றேன். நீளமாத்தான் போகும், ராத்திரி எல்லாரும் படுத்தப்புறம் படி.

மொதல்ல உன் கேள்விக்குப் பதில். சொல்ல வேணாம். முதல் நாள் மட்டும் இல்ல, நீயா சொல்லலாம்னு நெனைக்கிற வரைக்கும், திருமயம் ரோட்டுல லாரி மோதி நம்மளப் பெத்த அப்பச்சியப் பறிகொடுத்தோமே, அந்தப் பேச்சுப் பக்கமே போக வேண்டியதில்ல. இத எனக்கு யாராச்சும் முன்னாடியே சொல்லிருந்தா நான் அவ்வளவு நாள் தள்ளிப் போட்டிருக்க மாட்டேன்.

இங்க வந்த புதுசுல எனக்கு எல்லாம் சரியாப் போச்சுன்னுதான் நெனச்சேன். ஊரு புதுசு, குளிரு புதுசு, டிசம்பர்ல சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் இருட்டிரும், பெல்கிரேவ் ரோட்டுல குஜராத்திக் கடைல முருங்கைக்காய் கெடச்சாலே அன்னைக்குப் பெரிய விசேஷம், இதுல எங்க பழச நெனைக்க. ஆனா எம்1 மோட்டார்வேல போறப்ப பக்கத்து லேன்ல ஒரு லாரி வந்துச்சுன்னா போதும், கை ரெண்டும் ஐஸ் மாதிரி ஆயிரும், டீசல் வாடை மூக்குல ஏறும், அவுக ஓட்டிக்கிட்டே "என்ன உமை"ன்னு கேட்டா வாயே வராது. அப்புறம் கார்லயே ஏற மாட்டேன்னுட்டேன், தம்பிய ஸ்கூலுக்கு மழைல நடத்தியே கூட்டிட்டுப் போவேன். நீ அங்க கல்யாணம் காட்சிக்குப் போகாம வீட்டுக்குள்ளயே கெடக்கியே, அதே கதைதான், இங்கிட்டு கோட்டு போட்டுக்கிட்டு நடந்துச்சு அவ்வளவுதான்.

இந்த இங்கிலாந்துல என்ஹெச்எஸ்னு அரசாங்க வைத்தியச் சேவை இருக்கு, அதுல டாக்கிங் தெரபிஸ்னு பேசியே மனசக் குணப்படுத்துறது ஒண்ணு, 2008ல வேற பேர்ல ஆரம்பிச்சது. ஜிபிங்கிற குடும்ப டாக்டர்கிட்ட சீட்டு வாங்காமலே நாமளே பேர் குடுக்கலாம், காசு கெடையாது, தமிழ் பேச ஆள் வேணும்னா இன்டர்பிரட்டரும் கேக்கலாம். நான் வேணாம்னுட்டேன், யாராச்சும் தெரிஞ்ச ஆளா வந்து தொலைச்சா என்ன பண்றது. அழுகை வர்றப்ப நான் தமிழ்லயே பேசிருவேன், எனக்கு வைத்தியம் பண்ணுன தெரபிஸ்ட் அம்மா நிறுத்தவே மாட்டாக, நான் முடிச்சப்புறம் "இப்ப சொன்னதுல எது எனக்குத் தெரியணுமோ அத மட்டும் சொல்லு"ம்பாக.

முதல் நாள் பெரும்பாலும் விசாரிப்புத்தான். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, வீட்ல யார் யாரு, உடம்புக்கு என்ன மாத்திரை, இப்ப உன்ன யாராச்சும் அடிக்கிறாகளா மெரட்டுறாகளா. பிசிஎல்-5னு ஒரு ஃபார்ம் குடுப்பாக, 20 கேள்வி, போன ஒரு மாசத்துல எது எவ்வளவு தொந்தரவு பண்ணுச்சுன்னு ஒவ்வொண்ணுக்கும் 0லேருந்து 4 வரைக்கும் போடணும், மொத்தம் 80. நீ வேற பள்ளிக்கூடத்துல எல்லாத்துலயும் ஃபர்ஸ்ட் வந்தவ, இங்க மார்க் ஏறுனா நல்லதில்ல, பாத்துக்க. ஆனா கொறைச்சுக் காட்டவும் செய்யாத. "உயிர விட்டுரலாம்னு தோணுதா"ன்னும் கேப்பாக, பதறாத, எல்லாருகிட்டயும் கேக்குறதுதான். அப்படித் தோணுறது உண்டுன்னா உண்டுன்னே சொல்லு, சொன்ன ஒடனே புடிச்சு ஆஸ்பத்திரில போட்ற மாட்டாக, எப்ப தோணுது, எவ்வளவு தூரம் போகுது, அந்த நேரத்துல யாரக் கூப்பிடுவன்னு ஒரு ஏற்பாடு பண்ணி வைப்பாக.

நீ பயப்படுறது வேற, எனக்குத் தெரியும். காரைக்குடில ஒரு விஷயம் முகப்புல பேசுனா ரெண்டாங்கட்டுக்கு வர்றதுக்குள்ள நாலு கை பெருத்துரும். பேசுறது வெளிய போகக்கூடாதுங்கிறது அவுக தொழில் தர்மம் மட்டும் இல்ல, நம்ம நாட்டுல 2017 மனநலச் சட்டத்துலயே அந்த உரிமை இருக்கு. உன் உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னாலும், பிள்ளைகளுக்கு ஏதாச்சும் கொடுமை நடந்தாலும், இப்படிச் சில விதிவிலக்கு மட்டும் உண்டு. எதெதெல்லாம் வெளிய சொல்வீகன்னு மொத நாளே கேட்டுரு, கேக்குறதுக்கு உனக்குப் பாத்தியதை இருக்கு.

எந்த நாற்காலில உக்காரணும்னுகூட என்னயத்தான் கேட்டாக. நான் கதவு தெரியிற மாதிரி உக்காந்தேன். போதும்னு தோணுனா கையத் தூக்கு, ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டேன், அத்தோட நிறுத்திருவோம்னாக. எனக்கு இதெல்லாம் என்ன பெரிய வைத்தியம்னு எரிச்சலாக்கூட இருந்துச்சு. ஆனா அன்னைக்கு ரோட்டுல நடந்ததுல எது ஒண்ணாச்சும் நம்மளக் கேட்டு நடந்துச்சா ஆச்சி. அப்ப பறிபோனது அதுதானாம், அதனால இங்க சின்னச் சின்னதாக்கூட நம்ம கைலதான் இருக்கணும்னு வச்சிருக்காக. ட்ராமா இன்ஃபார்ம்டு, அதாவது அடிபட்ட மனசுன்னு தெரிஞ்சு நடந்துக்குறதுன்னு சொல்றதுல பாதி இதுதான்.

அப்புறம் கொஞ்ச வாரம் கதைக்கே போகல. மூச்ச இழுக்குறதவிட விடுறத நீளமா விடணும், கால் தரையில படுதான்னு பாக்கணும், கண்ணுக்குத் தெரியிறது அஞ்சு, தொட முடியிறது நாலு, கேக்குறது மூணு, மோந்து பாக்குறது ரெண்டு, ருசி ஒண்ணுன்னு சொல்லிச் சொல்லி இந்த நிமிஷத்துக்கு வரணும். நீ கல்யாணத்துக்குக் குடுத்தியே அந்தச் சின்னக் கொட்டான், செவப்பும் பச்சையுமா, அத ஹேண்ட்பேக்லயே வச்சிருக்கேன். விளிம்புல ஒரு ஓலை லேசாப் பிரிஞ்சு முள்ளு மாதிரி நிக்கிது, பஸ்ல லாரி சத்தம் கேட்டா உள்ள கைய விட்டு அந்த முனைய நெருடுவேன், அது குத்துற எடத்துல நான் இருக்கேன்னு தெரியும். உனக்கு இது இன்னும் சுளுவு, வெறுங்காலோட பட்டாலைல ஆத்தங்குடிக் கல்லுல நின்னாப் போதும்.

இது ஏன் இப்படி ஆகுதுன்னு அந்தம்மா படம் போட்டுக் காட்டுனாக. மூளைல அமிக்டலான்னு ஒண்ணு இருக்காம், ஆபத்துன்னா மணியடிக்கிறது. ஹிப்போகாம்பஸ்னு இன்னொண்ணு, எது எப்ப எங்க நடந்துச்சுன்னு பதிஞ்சு வைக்கிறது. உயிர் போற பயத்துல மொதலாவது ஓங்கி அடிக்க, ரெண்டாவது வேலை தடுமாறிப் போகுது. நம்ம தாத்தா, ஐயாவோட கணக்குப் பேரேடு மாதிரி வச்சுக்கயேன், எழுத்தெல்லாம் அப்படியே இருக்கு, தேதி மட்டும் விழல, அதனால பொரட்டுறப்பெல்லாம் இன்னைக்குப் பற்று மாதிரியே வந்து நிக்கிது. அந்தத் தேதியப் போடுறதுதான் வைத்தியம், பக்கத்தக் கிழிக்கிறது இல்ல, அதனால அப்பச்சிய மறக்க வச்சிருவாகளோன்னு பயப்படாத.

ஐயான்னதும் ஞாபகம் வருது. 1941 டிசம்பர்ல ரங்கூன்ல ஜப்பான்காரன் குண்டு போட்டான்ல, மறு வருஷம் எத்தனையோ பேரு காடு மலை தாண்டி நடந்தே இந்தியா வந்தாக, ஐயாவும் அதுல ஒருத்தர். பிளேன் சத்தம் கேட்டா முகப்புல இருந்து எந்திரிச்சு உள்ள போயிருவாகளே, ராத்திரி விளக்க அணைக்க விட மாட்டாகளே, நாம "ஐயா குணம் அப்படி"ன்னு சிரிச்சுக்கிட்டு இருந்தோம். பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் மனசு இப்படி விடாம அவதிப்படுறதுக்கு, பிடிஎஸ்டின்னு அமெரிக்க மனநல டாக்டர்க சங்கம் பேர் வச்சதே 1980லதான். ஆத்தா "நம்ம வீட்ல இல்லாத பழக்கம்"னு சொன்னா ஐயாவச் சொல்லு, வைத்தியம்தான் புதுசு, வியாதி பழசு.

கதைக்குள்ள போறது அதுக்கப்புறம்தான். எனக்குப் பண்ணுனது இஎம்டிஆர்ங்கிற கண்ணசைவு முறை, ஃபிரான்சின் ஷாப்பிரோன்னு ஒரு அம்மா 1980கள் கடைசில உண்டாக்குனது. மனசுல இருக்குறதுலயே ரொம்பக் கொடூரமான ஒரு காட்சிய நிறுத்திக்கிட்டு, அந்தம்மா ரெண்டு விரல இடமும் வலமுமா ஆட்ட, கண்ணால அதையே தொடரணும். அரை நிமிஷம் போல. நிறுத்தி, "இப்ப என்ன வருது"ம்பாக, வந்தத ஒரு வரில சொன்னாப் போதும், திரும்ப ஆட்டுவாக. எவ்வளவு கஷ்டம்னு 0லேருந்து 10க்குள்ள சொல்லணும். மந்திரிச்சு வேப்பிலை அடிக்கிற மாதிரி இருக்கேன்னு எனக்குச் சிரிப்பு வந்துச்சு, நெசத்துக்கும் அந்தக் கண்ணசைவு தான் வேலை செய்யுதான்னு ஆராய்ச்சிக்காரவுகளுக்குள்ளயே வாதம் உண்டு. ஆனா மொத்தமாப் பாத்தா பலன் இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் 2013லயே இதையும், ட்ராமாவுக்கான சிபிடிங்கிற நெனப்பையும் நடத்தையையும் மாத்துற பேச்சு வைத்தியத்தையும் சொல்லிருச்சு. இங்க வழிகாட்டுதல்ல பொதுவா 8லேருந்து 12 செஷன்னு போட்டிருக்கு, சின்ன வயசுலேருந்தே அடிபட்டவுகளுக்கு இன்னும் நாளாகும்.

என் காட்சி உனக்குத் தெரியும். தம்பி அழுதான்னு நான் பின் சீட்டுக்கு மாறுனேன், அப்பச்சி முன்னாடி போய் உக்காந்தாக. இத்தன வருஷமா நான் அந்தக் கதவத்தான் தெறந்து தெறந்து மூடிக்கிட்டு இருந்தேன். நான் எதிர்பார்த்தது என்னன்னா, உன் தப்பு இல்லம்மான்னு ஆறுதல் சொல்லுவாக, அதத்தான் எழவுக்கு வந்த எல்லாரும் சொன்னாகளே, ஒண்ணும் ஏறல. அந்தம்மா அப்படிச் சொல்லவே இல்ல. "கதவத் தெறக்குறப்ப உனக்கு என்ன தெரியும்"னாக. பிள்ளை அழுகுறான்னு தெரியும். "லாரி வருதுன்னு தெரியுமா?" தெரியாது. "அப்பச்சி மொகம் எப்படி இருந்துச்சு?" அப்பத்தான் ஆச்சி எனக்கு வந்துச்சு, அவுக எறங்கி முன்னாடி போறப்ப தம்பி கன்னத்தக் கிள்ளிட்டு, "முன்னாடி உக்காந்தாத்தான் கோட்டை நல்லாத் தெரியும்"னு சிரிச்சுக்கிட்டே போனாக. அந்தச் சிரிப்பு எனக்கு ஞாபகத்துலயே இல்ல, சத்தமும் கண்ணாடியும் மட்டும்தான் இருந்துச்சு.

உனக்கு இடிக்கிறது எதுன்னும் எனக்குத் தெரியும். முகூர்த்தத்துக்கு நேரமாச்சு, கோட்டை பைரவர்கிட்ட நிறுத்த வேணாம், வர்றப்ப தேங்காய் ஒடச்சுக்கலாம்னு நீ சொன்னியே. நான் உனக்கு ஒண்ணும் சொல்லப் போறதில்ல, சொன்னாலும் ஏறாது. அங்க கொண்டு போய் வையி. பைரவரத் தெரிஞ்ச ஆளா இருந்தா உனக்குச் சுளுவு, நான் இங்க நாய் வாகனத்துலேருந்து வெளக்க வேண்டியதாப் போச்சு.

ஆனா ஒண்ணு, நடுவுல மோசமாகும். கதைக்குள்ள போன வாரத்துல கனவு கூடும், சும்மா உக்காந்திருக்கப்ப அழுகை வரும், அத்தான் மேல காரணமில்லாம விழுவ. எனக்கு மறு நாள் பூரா உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும். அதனால செஷன் அன்னைக்கு விருந்தாளி வேணாம், படைப்பு வீட்டு வேலை வேணாம், பலகாரம் சுடுறேன்னு எண்ணெய்ச் சட்டி முன்னாடியும் நிக்காத. ரொம்பத் தாங்கலைன்னா அடுத்த தடவை போறப்ப அதச் சொல்லு, வேகத்தக் கொறைப்பாக. போகாம நின்னுறாத.

மதுரைல பாக்கப் போறவுககிட்ட ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன் இருக்கான்னு கேளு, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுன்னா இருக்கணும். ட்ராமாவுக்கு என்ன ட்ரெய்னிங் எடுத்தீக, எந்த முறைல பண்ணுவீகன்னும் கேளு. மாத்திரை எழுதுறது சைக்கியாட்ரிஸ்ட் டாக்டர், அது வேற ஆளு, நீ இப்ப தூக்கத்துக்குப் போடுறத நீயா நிறுத்தாத. மொத நாளே எல்லாத்தையும் கொட்டு கொட்டுன்னு நச்சரிச்சாலோ, மன்னிச்சுரு மறந்துருன்னு உபதேசம் பண்ணுனாலோ வேற ஆளப் பாரு. நான் இங்க மொதல்ல தனியாக் காசு குடுத்துப் பாத்த ஒருத்தர் கடியாரத்தப் பாத்துக்கிட்டே "ம்ம் சொல்லுங்க"ன்னாரு, ரெண்டாந் தடவை நான் போகல.

காரைக்குடிலேருந்து மதுரைக்குக் கார்ல போகணுமேங்கிறதுதான உனக்குப் பெரிய மலை. ஆன்லைன்லயும் பண்ணுவாக, ஆனா நம்ம வளவுல பேசுனா அங்கிட்டு அடுப்படி வரைக்கும் கேக்கும். இங்கல்லாம் வீட்ல எடம் இல்லைன்னா கார்ல உக்காந்து பேசுவாக, அது உனக்கு ஆகாது. மேல மாடி ரூம்ல கதவச் சாத்தி ஃபேன முழு ஸ்பீட்ல வையி, வெளிய தண்ணி மோட்டார் ஓடுற நேரமா அப்பாயின்மெண்ட் வாங்கு. நடுராத்திரில தாங்க முடியலைன்னா 14416, டெலி மானஸ், கவர்மெண்டு நம்பர், காசு இல்ல, எந்த நேரமும் தமிழ்லயே பேசலாம். ஃபோன்ல பேர் போட்டு வச்சுக்க, அத்தான் பாக்குறாகன்னா "கேஸ் புக்கிங்"னு வையி.

நான் இப்ப மோட்டார்வேல பக்கத்து சீட்ல உக்காந்து வர்றேன். லாரி வந்தா இன்னும் கை ஈரமாகும், கொஞ்ச நேரத்துல சரியாயிரும். ஓட்டுறதுக்கு இன்னும் மனசு வரல, அவுகளும் அவசரம் இல்லைன்னுட்டாக.

அப்பாயின்மெண்ட் முடிஞ்ச ஒடனே எனக்கு ஃபோன் பண்ணி ஒப்பிக்காத, நான் கேக்கவும் மாட்டேன். சாப்பிட்டுப் படு. மறு நாள் தோணுனாக் கூப்பிடு, தம்பிக்கு மாவுருண்டை யார்கிட்டக் குடுத்து விடுறதுன்னு பேசலாம், போன தடவை அனுப்புன சீப்புச்சீடை வழியிலயே பொடியாயிருச்சு.

இப்படிக்கு
உன் தங்கச்சி
உமையாள்