கெமிஸ்ட் தேர்வு ஆய்வகத்தில் நடக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எம்.எஸ்சி. வேதியியல் முடித்த என் தம்பி மகள், ஒரு பெரிய நிறுவனத்தின் கெமிஸ்ட் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்காகக் கோபியிலிருந்து விடியற்காலைப் பேருந்தைப் பிடித்துக் கோவைக்குப் போய்வந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. தேர்வு நடந்தது ஒரு ஹோட்டல் ஹாலில். முதலில் சமூக வலைத்தளங்களால் நன்மையா தீமையா என்று ஆங்கிலத்தில் குழு விவாதம் நடத்தியிருக்கிறார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் உள்ளே அழைத்து, ஐந்து ஆண்டுகள் கழித்து உங்களை எந்த நிலையில் காண்கிறீர்கள், நைட் ஷிப்டுக்கு வருவீர்களா, கல்யாணம் ஏதும் பேசிக்கொண்டிருக்கிறார்களா என்று விசாரித்திருக்கிறார்கள். வேதியியலைத் தொட்டு வந்த ஒரே கேள்வி, கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் வேலை செய்த அனுபவம் உண்டா என்பதுதான். கல்லூரியில் அந்தக் கருவி இருக்கிறது, ஆசிரியர் இயக்கிக் காட்டினார், நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம் என்று அவள் உள்ளதைச் சொன்னாள். அத்தோடு பேட்டி முடிந்தது. தேர்வானாளா இல்லையா என்று இன்றுவரை ஒரு குறுஞ்செய்திகூட வரவில்லை.

அவளுக்கு வேலை கிடைக்கவில்லை என்பதற்காக நான் இதை எழுதவில்லை. ஈரோடு, திருப்பூர் வட்டாரத்தில் துணிக்குச் சாயமேற்றும் பிராசசிங் ஆலைகளிலும், பின்னர் பல சாயப்பட்டறைகளின் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்தம் செய்யும் ஒரு பொது சுத்திகரிப்பு நிலையத்திலுமாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆய்வகத்தில் நின்றவன் என்ற முறையிலும், மேசைக்கு அந்தப் பக்கம் அமர்ந்து பலரைத் தேர்வு செய்தவன் என்ற முறையிலுமே எழுதுகிறேன். கெமிஸ்ட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டிய இடம் ஆய்வக மேடை. ஹோட்டல் ஹால் அல்ல.

1988-இல் நான் பவானி அருகே ஓர் ஆலைக்குப் பேட்டிக்குப் போனபோது, லேப் பொறுப்பாளர் என் சான்றிதழ்களைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. காஸ்டிக் சோடாக் கரைசல் கொஞ்சத்தைக் கொடுத்து, அதன் வலுவைக் கண்டு சொல்லச் சொன்னார். பியூரெட் என்ற அளவுக் கோடிட்ட கண்ணாடிக் குழாயில் ஆசிட்டை ஊற்றிய பிறகு புனலை எடுத்துவிட்டேனா, நுனியில் நின்ற காற்றுக் குமிழியை வெளியேற்றினேனா என்பதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். (புனலை அப்படியே விட்டால், அதன் காம்பில் தங்கிய சொட்டு நடுவில் விழுந்து அளவைக் கெடுக்கும். எந்தக் கேள்வித்தாளாலும் இந்தப் பழக்கத்தைக் கண்டுபிடிக்க முடியாது.) பினால்ப்தலீன் என்ற நிறங்காட்டியை (இண்டிகேட்டர்) போட்ட காஸ்டிக் இளஞ்சிவப்பாக இருக்கும், ஆசிட் சேரச் சேர நிறம் வெளுத்து, முடிவில் ஒரு சொட்டில் மறைந்துவிடும். மறைந்த பிறகு எத்தனை சொட்டு கூடுதலாக விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. நான் பதற்றத்தில் அந்த இடத்தைத் தாண்டிவிட்டேன். பேசாமல் வந்த அளவை எழுதிக் கொடுத்திருக்கலாம். "தாண்டிப்போச்சுங்க, இன்னொரு தடவை பண்ணட்டுங்களா?" என்றேன். "பண்ணு தம்பி, ஆசிட் நெறைய இருக்குது" என்றார். வேலை கிடைத்தது.

அன்று அவர் எதைப் பார்த்தார் என்பது, பிறகு சுத்திகரிப்பு நிலையத்தில் இரவு இரண்டு மணி ஷிப்டில் தனியாக ஒரு பையனை உட்கார வைக்கும் நிலை எனக்கு வந்தபோதுதான் விளங்கியது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரின் சாயப்பட்டறைகளும் பொது சுத்திகரிப்பு நிலையங்களும் மூடப்பட்டதையும், எத்தனை குடும்பங்கள் கைபிசைந்து நின்றன என்பதையும் நாங்கள் கண்ணால் பார்த்தோம். சாயக் கழிவு ஒரு சொட்டுகூட நொய்யல் ஆற்றில் சேரக் கூடாது என்ற நிபந்தனையில் ஓடும் நிலையத்தில், ஆய்வகப் பதிவேட்டில் எழுதும் எண்ணை நம்பித்தான் மற்ற எல்லோரும் வேலை செய்கிறார்கள். தண்ணீரின் கடினத்தன்மையை, அதாவது அதில் கரைந்துள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகளின் அளவை, குறைத்து எழுதிவிட்டால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. சில வாரங்களில் தண்ணீரை வடிகட்டும் ஆர்.ஓ. மெம்பரேனில் சுண்ணாம்பு படிந்து அடைத்துக்கொள்ளும்.

ஆகவே பெரிய நிறுவனங்களை நான் கேட்பது மிகச் சிறிய காரியம். ஏதாவதொரு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து, அதன் கடினத்தன்மையைப் பார்க்கச் சொல்லுங்கள். இருபது மில்லி தண்ணீர், காரத்தன்மையை நிலையாக வைக்கக் கொஞ்சம் பப்பர் கரைசல், ஒரு சிட்டிகை இண்டிகேட்டர், பியூரெட்டில் அந்த உப்புகளைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. கரைசல், 0.01 மோலார் வலுவில். ஒயின் சிவப்பு நீலமாக மாறும்போது 12 மில்லி செலவாகியிருந்தால் கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 600 மில்லிகிராம் என்று கணக்குப் போடத் தெரிகிறதா, இரண்டாவது முறை செய்து பார்க்கிறாரா, இரண்டு அளவும் ஒத்துவராதபோது என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். அரை மணி நேரம் போதும்.

ஆங்கிலம் தேவையில்லை என்று நான் சொல்ல வரவில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளரின் தணிக்கையாளர் வந்து பதிவேட்டைப் புரட்டும்போது பதில் சொல்லத்தான் வேண்டும். அறிக்கையும் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள் வரும்போது எப்படியாவது சலித்தாக வேண்டிய நெருக்கடியும் எனக்குப் புரிகிறது. ஆனால் பேச்சில் சலித்தால் பேசத் தெரிந்தவர்கள்தான் மிஞ்சுவார்கள். மேடையில் கை நிதானமாக உள்ளவரை முதலில் எடுத்துக்கொண்டு, பேச்சை ஆறு மாதத்தில் பழக்கிவிடலாம், எச்.பி.எல்.சி.யைப் பழக்க அதுகூட வேண்டியதில்லை. அந்தக் கருவியைத் தொடவே விடாமல் பட்டம் கொடுக்கும் கல்லூரிகளுக்கும் இதில் பங்கு உண்டு; அதைத் தனியாக எழுத வேண்டும்.

இடம் இல்லை என்றும் சொல்ல முடியாது. கோவை, ஈரோடு, நாமக்கல் பகுதிகளில் வேதியியல் துறை இல்லாத கலை அறிவியல் கல்லூரிகள் குறைவு. விடுமுறை நாட்களில் அவற்றின் ஆய்வகங்கள் பூட்டியே கிடக்கின்றன. ஹோட்டல் ஹாலுக்குக் கொடுக்கும் வாடகையில் ஒரு பகுதியைக் கொடுத்தாலே எந்த முதல்வரும் சாவியைத் தருவார். தேர்வாகாதவர்களுக்கு இல்லை என்று ஒரு வரி அனுப்பவும் செலவு அதிகமில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பொறுப்பாளர்,
பெருந்துறை.